நிறுத்திய வண்டியை இடித்தால் நஷ்டம் யாருக்கு?

வியாபாரத்தில் வரும் நஷ்டங்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு காரணம் நம் பக்கமும் இருக்கும். அதிக விலைக்குக் கொள்முதல் செய்திருப்போம், அல்லது ஆள் தெரியாமல் கடன் கொடுத்திருப்போம். ஆனால் இரவு கடை அடைத்து, வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியவர், காலையில் வந்து பார்க்கும்போது வண்டியின் முகப்பு நசுங்கிக் கிடந்தால் அவர் என்ன தவறு செய்தார்? அப்படிப்பட்ட நஷ்டத்தைக்கூட நமது வணிகர்கள் தங்கள் கைக்காசிலிருந்தே சரிக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை ஆண்டு தவறாமல் கட்டிக்கொண்டே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வேதனை.

நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சம்பந்தப்பட்ட இன்னொருவரும் நமது உறுப்பினரே என்பதால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு.

கீழ ராஜ வீதியை ஒட்டி மளிகைக் கடை வைத்திருப்பவர் அவர். சரக்கு அனுப்ப ஒரு குட்டி யானை வைத்திருக்கிறார். வாங்கி நாலு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. மறுநாள் காலை ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் லைனுக்குப் போகவேண்டிய சரக்கை முன்னிரவே ஏற்றிக் கயிறு கட்டி, கடை வாசலில் நிறுத்தியிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு, அதே வீதியில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு உறுப்பினரின் கடைக்கு லோடு இறக்க வந்த லாரி, பின்னால் எடுக்கும்போது குட்டி யானையின் மேல் ஏறிவிட்டது. முன் பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் மட்கார்டும் போயின. ஒரு பக்கக் கதவு உள்ளே போய்விட்டது. ஏற்றியிருந்த எண்ணெய் டின்களில் மூன்று நசுங்கி ரோட்டில் ஒழுகின.

லாரி டிரைவர் ஓடிவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். லோடுமேன்கள் போன் செய்ய, நமது மளிகைக்காரர் வந்து சேர்ந்தபோது டிரைவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அரிசிக் கடைக்காரரும் வந்துவிட்டார். "விடுங்கண்ணே, பாவம், சம்பளத்துக்கு ஓட்டுறவன். லாரி ஒன்பது மணிக்குத் திருச்சியில நிக்கணும். ஏதோ வாங்கிக்கிட்டு அனுப்புங்க" என்று அவரே நடுவில் நின்று பேசினார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கைமாறியது. லாரி போய்விட்டது. வண்டி நம்பரை யாரும் எழுதி வைக்கவில்லை. வருகிற லாரிதானே, தெரிந்த முகம்தானே என்ற எண்ணம்.

பட்டறையில் வண்டியை விட்டபோது பில் 18,400 ரூபாய் வந்தது. நமது உறுப்பினர் அதற்கும் கலங்கவில்லை. தன்னிடம் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' இருக்கிறது என்ற தெம்பு. சர்வேயர் வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், போனார். கடைசியில் கைக்கு வந்தது 5,500 ரூபாய்.

கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நம்மிடம் கோபமாக வந்தார். பாலிசியையும் பில்லையும் வாங்கி வரி வரியாகப் பார்த்தோம். கம்பெனி ஏமாற்றவில்லை. பாலிசியில் எழுதியிருந்தபடிதான் கொடுத்திருந்தது. நாம்தான் படிக்கவில்லை.

சரக்கு வண்டிகளுக்கான பாலிசியில் ஒரு விலக்கு உண்டு. 2002-ல் வந்த மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 21 என்ற எண்ணில் அது இருக்கிறது. வண்டி முழுவதுமாக நாசமானால் ஒழிய, விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பகுதிகள், பம்பர், பெயிண்ட் வேலை ஆகியவற்றுக்கு நஷ்டஈடு இல்லை என்பது அதன் சாரம். நின்றுகொண்டிருக்கும் வண்டியை இன்னொரு வண்டி இடித்தால் முதலில் போகிறவை வேறு எவை? இவைதானே! இவற்றையும் சேர்க்கவேண்டுமானால் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்பை எடுக்கவேண்டும். டாரிஃப் விதிப்படி அதற்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் நூற்றுக்கு 15 அதிகம். அப்படி எடுத்தாலும் இந்தப் பாகங்களுக்கு மதிப்பிடும் தொகையில் பாதிதான் கிடைக்கும். 2007-க்குப் பிறகு விகிதத்தைக் கம்பெனிகள் தாங்களே நிர்ணயிக்கின்றன. விலக்கின் வாசகம் பெரும்பாலும் பழையபடியே தொடர்கிறது. நமது உறுப்பினர் 23-ஐ எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக ஏஜெண்டும் சொல்லவில்லை.

ஆகவே 18,400-ல் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பெயிண்ட் என்று 11,000 ரூபாய் அடியோடு போயிற்று. மிச்சத்தில் கதவுத் தகடு 4,000. நாலு வருஷம் தாண்டி ஐந்து வருஷத்துக்குள் உள்ள வண்டியின் இரும்புப் பாகங்களுக்குத் தேய்மானம் நூற்றுக்கு 35, அதனால் 2,600. கூலி 3,400-ல் தேய்மானம் இல்லை. இரண்டும் சேர்ந்த ஆறாயிரத்தில், கட்டாயமாக நாமே ஏற்கவேண்டிய 500-ஐக் கழித்தால் 5,500. கணக்கு சரியாகவே இருக்கிறது. எண்ணெய் டின்களைப் பற்றிப் பேச்சே இல்லை. வண்டியின் பாலிசி வண்டிக்குத்தான். அதில் ஏற்றிய சரக்குக்கு அது பொருந்தாது. அதற்கு டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்கவேண்டும்.

இத்தோடு முடியவில்லை. நாலு வருஷமாக அவர் கிளெய்ம் எதுவும் கேட்டதில்லை. அதனால் சொந்த சேதப் பிரீமியத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' நூற்றுக்கு 45 தள்ளுபடி பெற்று வந்தார். இந்த வருஷமும் கேட்காதிருந்தால் அது 50 ஆகியிருக்கும். இப்போது கேட்டுவிட்டதால் வரும் ஆண்டு பூஜ்யம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 என்று மறுபடி படியேறி, ஆறாம் முறை புதுப்பிக்கும்போதுதான் 50-க்கு வந்து சேருவார். அவருடைய சொந்த சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அது மாறாதிருந்தால் இழப்பு என்னவென்று கூட்டிப் பார்த்தோம். 2,000, 1,200, 1,000, 600, 200. மொத்தம் ஐயாயிரம். 5,500 வாங்கியவருக்கு ஐந்து வருஷத்தில் 5,000 திரும்பப் போகிறது. அந்தக் காலத்துப் புதுக்கோட்டை அம்மன் காசுகூட மிஞ்சவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அதுதான்.

அவர் போயிருக்கவேண்டிய இடம் வேறு. இடித்த லாரிக்கும் ஒரு பாலிசி இருந்தது. மூன்றாம் நபருக்கு நேரும் நஷ்டத்துக்காகவே சட்டம் அந்த பாலிசியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உயிருக்கும் உடம்புக்கும் மட்டும்தான் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மூன்றாம் நபரின் சொத்துக்கும் அதில் இடம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சொத்துச் சேதத்துக்கான கட்டாய வரம்பு 6,000 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் நடைமுறையில் சாதாரணமாகக் கார், லாரி பாலிசிகளில் ஏழரை லட்சம் வரையிலும், இரு சக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் வரையிலும் கம்பெனிகள் பொறுப்பேற்று வந்திருக்கின்றன. பாலிசித் தாளின் முகப்பிலேயே அந்தத் தொகை இருக்கும். இந்த வழியில் போனால் பம்பருக்கும் கேட்கலாம், எண்ணெய் டின்னுக்கும் கேட்கலாம். வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் வாடகை வண்டி வைத்து ஓட்டிய செலவையும் ஆதாரத்தோடு கேட்கலாம். நமது போனஸிலும் யாரும் கை வைக்க முடியாது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

ஆனால் லாரியின் கம்பெனி வீடு தேடி வந்து கொடுக்காது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடவேண்டும்.  தீர்ப்பாயத்துக்குப் போகிறவருக்குச் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போடவேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலோ, வியாபாரம் செய்யும் ஊரிலோ போடலாம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் சரக்கு ஏற்றப்போன இடத்தில் நம் வண்டியை இடித்தாலும் புதுக்கோட்டையிலேயே மனுக் கொடுக்கலாம், வாய்தாவுக்கு வாய்தா திருச்சி பஸ் ஏறவேண்டியதில்லை. 2019-ல் திருத்திய சட்டப்படி, 2022 ஏப்ரல் முதல், மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. "பொங்கல் வியாபாரம் முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது நமது வழக்கம். இதில் அது ஆகாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் சுலபமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு 1995-லேயே பதில் கிடைத்துவிட்டது. திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் பயணம் செய்து விபத்தில் இறந்த ஒருவருக்காக நுகர்வோர் ஆணையத்தில் நடந்த வழக்கில், விபத்து இழப்பீட்டுக்கு உரிய இடம் தீர்ப்பாயமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சொந்தக் கம்பெனியின் மேல் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். வியாபாரத்துக்காக எடுத்த பாலிசி, அதனால் நீ நுகர்வோர் இல்லை என்று கம்பெனிகள் வாதாடி வந்தன. 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வணிகர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகமும் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

தீர்ப்பாயம் என்றதும் வருஷக்கணக்காக இழுக்குமே என்று தோன்றும். சிறிய தொகைகளை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க வழி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் அடுத்த அமர்வு எப்போது என்று சொல்வார்கள். அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது.

இவ்வளவும் நடக்க ஒன்று வேண்டும். இடித்தது எந்த வண்டி, ஓட்டியது யார் என்ற விவரம். நமது உறுப்பினர் தவறவிட்டது அதைத்தான். ஆயிரத்து ஐந்நூறை வாங்கிய கையில் ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதியிருந்தால் கதை வேறு. சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கமே நிற்கிறது. விபத்துக்குள்ளான வண்டியின் டிரைவர் நிறுத்தியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் தன் பெயர் விலாசத்தைச் சொல்லிக் கேட்டால், டிரைவர் தன் பெயர் விலாசத்தையும் வண்டி உரிமையாளரின் பெயர் விலாசத்தையும் கொடுத்தாகவேண்டும் என்கிறது 132-வது பிரிவு. சொத்துச் சேதம் மட்டுமே என்றாலும், போலீஸ்காரர் யாரும் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் டிரைவரே தெரிவிக்கவேண்டும் என்கிறது 134. தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அவர் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். நம்பர் மட்டும் கையில் இருந்தால்கூடப் போதும். ஆர்.டி.ஓ. அலுவலகமோ போலீஸோ உரிமையாளர், இன்ஷூரன்ஸ் விவரங்களைக் கேட்பவருக்குக் கொடுக்கவேண்டும் என்று 160-வது பிரிவு இருக்கிறது. இப்போது எம்.பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டாலே பாலிசி எதுவரை என்று தெரிந்துவிடுகிறது.

போலீஸ் நிலையத்தில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். சொந்தக் கம்பெனியில் சிறிய கிளெய்முக்கு அது பல சமயம் போதும். தீர்ப்பாயத்துக்குப் போவதானால் எஃப்.ஐ.ஆர். இருப்பது நல்லது, புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். எந்தக் கம்பெனியானாலும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பட்டறையில் பிரித்துவிடக் கூடாது. இதைப் பலமுறை சொல்லியும் நமது ஆட்கள் கேட்பதில்லை. மறுநாள் லைன் போகவேண்டும் என்ற அவசரம் எவரையும் விடுவதில்லை.

இடித்தது அரசுப் பேருந்தானால் நிலைமை வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு, தனி நிதி வைத்துக்கொண்டால், இன்ஷூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதனால் கம்பெனி என்று யாரையும் தேடவேண்டியதில்லை. கழகத்தின் மேல்தான் வழக்கு. இழப்பீடு கட்டாததற்காகப் பேருந்தைக் கோர்ட்டு ஜப்தி செய்த செய்தி அவ்வப்போது பேப்பரில் வருவதை எல்லோரும் படித்திருப்போம்.

இடித்தது யாரென்றே தெரியாவிட்டால்? அப்போது சட்டத்தில் நமக்கு இடமே இல்லை. அடையாளம் தெரியாத வண்டி மோதினால் அரசுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று அது உயர்த்தப்பட்டது. வண்டிக்கோ சரக்குக்கோ அதில் ஒரு பைசா கிடையாது. சொந்த பாலிசி ஒன்றுதான் கதி. போனஸ் போனதைத் தலையெழுத்து என்று விடவேண்டியதுதான். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கு அதுவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரம் விழுந்து நசுங்கிய வண்டிகளுக்கும் இதே கதைதான். முழு பாலிசி வைத்திருந்தவர் கம்பெனி வாசலில் நிற்கவாவது முடிந்தது.

கடைகளில் நாம் கேமரா வைத்திருக்கிறோம். அவை பெரும்பாலும் கல்லாவையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் சிப்பந்திகள் மேல் நமக்குள்ள நம்பிக்கை அவ்வளவு! ஒன்றையாவது வீதிப் பக்கம் திருப்பி வைத்தால் பக்கத்துக் கடைக்காரருக்கும் உதவும. பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே எடுத்து வைக்கவேண்டும். கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வக்கீல் எழுதித் தருவார்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறோம். நமது வீதிகளில் நிற்கும் வண்டியை இடிப்பது பெரும்பாலும் யார்? வழிப்போக்கர்களா? நமக்கே லோடு கொண்டுவரும் லாரிகளும், நமது உறுப்பினர்களின் வேன்களும்தான். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீரமைத்த வீதிகள் இவை. பத்துச் சக்கர லாரி விடியற்காலையில் பின்னால் எடுக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? ஆகவே இடிப்பது நடக்கும். நடந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. லோடு யாருக்கு வந்ததோ அந்தக் கடைக்காரர் லாரிக்காரருக்காகப் பேசுகிறார். "லாரிக்காரனைப் பகைத்தால் நாளைக்கு இந்த வீதிக்கு லோடு வராது" என்கிறார். லாரியின் மேல் நடவடிக்கை வந்தால் புக்கிங் ஆபீஸில் தன் பெயர் கெட்டுவிடும் என்ற பயமும் உண்டு. இடிபட்டவரோ சில்லரை வியாபாரி. அதே மொத்தக் கடையில் கடனுக்குச் சரக்கு எடுக்கிறவராகக்கூட இருப்பார். அவர் எப்படி எதிர்த்துப் பேசுவார்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்தப் பயத்தில் பொருள் இல்லை என்பது நமது கருத்து. விவரம் எழுதிக் கொடுப்பதால் லாரி உரிமையாளரின் கைக்காசு போகப்போவதில்லை. அவர் கட்டிய பிரீமியத்திலிருந்து அவருடைய கம்பெனி கொடுக்கப்போகிறது. டிரைவர் ஆயிரத்து ஐந்நூறைத் தன் பேட்டாவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். முதலாளியிடம் சொன்னாரா என்பதுகூடத் தெரியவில்லை. யாருக்காகப் பேசுகிறோம் என்று மொத்த வியாபாரிகள் யோசிக்கவேண்டும். பேச்சை மட்டும் முடித்து அனுப்பியதில் டிரைவருக்கும் நஷ்டம், மளிகைக்காரருக்கும் நஷ்டம். இருவருடைய நஷ்டத்தால் லாபம் அடைந்தது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. லோடு எந்தக் கடைக்கு வந்ததோ, விவரம் எழுதி முடியும்வரை லாரியை நிறுத்தி வைக்கும் பொறுப்பை அந்தக் கடைக்காரரே ஏற்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். லோடு இறக்கக் கூலி பேசுகிறோமே, அதுபோல இதையும் லாரி ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

நமது தரப்பிலும் குறை உண்டு. நிறுத்திய வண்டி என்பதாலேயே நியாயம் முழுவதும் நம் பக்கம் ஆகிவிடாது. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டுச் செல்லக்கூடாது என்கிறது 122-வது பிரிவு. ரோட்டில் பாதி நீட்டிக்கொண்டு, முனை திரும்பும் இடத்தில், இரவில் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் நிறுத்தியிருந்தால், இடித்தவரின் வக்கீல் "உன் பங்கும் உண்டு" என்றுதான் வாதாடுவார். நஷ்டஈட்டில் ஒரு பகுதி குறையும். காகிதங்களும் சரியாக இருக்கவேண்டும். ஜோத்பூரில் விடுதி வாசலில் நிறுத்தியிருந்த ஒருவருடைய வண்டி திருட்டுப்போனது. தற்காலிகப் பதிவு காலாவதியாகி, நிரந்தரப் பதிவு இல்லாத வண்டி அது. கம்பெனி பணம் தரவேண்டியதில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஃப்.சி.யைப் புதுப்பிக்காமல் தீபாவளி முடியட்டும் என்று வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மில் இல்லையா?

எல்லாவற்றுக்கும் கோர்ட்டுக்குப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. கண்ணாடி உடைந்தது, பம்பரில் கீறல் என்றால் கையோடு வாங்கி முடிப்பதுதான் விவேகம். ஆனால் தொகையை ரோட்டில் நின்று பேசக்கூடாது. பட்டறைக்காரரிடம் ஒரு எஸ்டிமேட் வாங்கிய பிறகு பேசவேண்டும். அதுவரை வண்டி விவரமும் டிரைவர் கையெழுத்தும் நம்மிடம் இருக்கவேண்டும். சொந்த கம்பெனியில் கிளெய்ம் கேட்கும் முன், தேய்மானமும் விலக்கும் போக வரப்போவது எவ்வளவு, போனஸில் போவது எவ்வளவு என்று மேலே காட்டியபடி ஒரு கணக்குப் போடவேண்டும். 50 சதவீதத்தில் இருப்பவருக்கும், இவரைப் போல் 50-ஐ எட்ட இருப்பவருக்கும், ஐந்தாண்டில் போவது ஒரு முழு ஆண்டின் சொந்த சேதப் பிரீமியமும் அதில் கால்பங்கும். அதற்கு மேல் வந்தால் கேட்கலாம்.

இந்தப் போனஸ் விஷயத்தில் அரசிடமும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடமும் நாம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. நமது மாவட்டத்திலிருந்து மலேசியாவில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே தன் தவறில்லாமல் கார் இடிபட்டால், போலீஸில் உடனே புகார் கொடுத்துவிட்டுத் தன் சொந்தக் கம்பெனியிடமே பணம் வாங்கிக்கொள்ள 'நாக் ஃபார் நாக்' என்று ஒரு முறை இருக்கிறது. அப்படி வாங்கியவரின் தள்ளுபடியில் கை வைப்பதில்லை. சிங்கப்பூரில் எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தன் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற ஏற்பாடு 2008-லிருந்து நடக்கிறது. நமது நாட்டுக் கம்பெனிகளும் 'நாக் ஃபார் நாக்' ஒப்பந்தத்தைத் தங்களுக்குள் நெடுங்காலம் வைத்திருந்தன. ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடாமல் அவரவர் வாடிக்கையாளரை அவரவர் பார்த்துக்கொள்வது என்பது அதன் சாரம். கம்பெனிகளுக்கு வழக்குச் செலவு மிச்சமாயிற்று. பாலிசிதாரரின் போனஸ் மட்டும் பறிபோயிற்று. நின்ற வண்டியை இன்னொருவர் இடித்தார் என்று சர்வேயரே எழுதியிருக்கும்போது, போனஸைப் பறிப்பதற்கு என்ன நியாயம்? இடித்த வண்டியின் நம்பரும் போலீஸ் ரசீதும் உள்ள கிளெய்ம்களிலாவது போனஸைக் காப்பாற்றித் தரவேண்டும் என்று மனு அனுப்ப வரும் மாதக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். மற்ற ஊர்ச் சங்கங்களும் அறந்தாங்கி, பொன்னமராவதி, கீரனூர், இலுப்பூர் என்று தத்தம் பகுதியில் இதுபோலத் தீர்மானம் போட்டால் மனுவுக்கு வலு கூடும்.

அதுவரை செய்யக்கூடியதாக, ஒரு பக்கப் படிவம் ஒன்று அச்சடித்திருக்கிறோம். இரண்டு வண்டிகளின் நம்பர், டிரைவர்கள் பெயர், உரிமையாளர் விலாசம், பாலிசி எண், இடம், நேரம், பார்த்த லோடுமேன் இருவர் பெயர், கையெழுத்து. நடுவில் கார்பன் வைத்து எழுதினால் ஆளுக்கு ஒன்று. சங்க அலுவலகத்தில் ஐம்பது தாள் கொண்ட கட்டாகக் கிடைக்கும். உறுப்பினர்களுக்கு விலை இல்லை. மளிகைக் கடைக்காரர் இரண்டு கட்டு எடுத்துப் போனார். அன்று லாரிக்காக நடுவில் பேசிய அரிசிக் கடைக்காரரும் வந்து படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, லாரி புக்கிங் ஆபீஸின் பெயருக்கும் போன் நம்பருக்கும் ஒரு கோடு விடச் சொன்னார். அடுத்த அச்சில் சேர்க்கிறோம்.